சத்தம் பிரிக்கும் அப்பாக்கள்

அட்டையை உடனே காட்டிவிட மாட்டார். முதலில் அதைத் தன் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொள்வார். இன்னொரு கையின் பின்புறத்தால் உதட்டைத் துடைப்பார். பிறகு பிள்ளையின் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அந்த உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் நிறுத்தி, 'ப்' என்பார். நீங்களும் நானும் சொல்லும் 'ப்' அல்ல அது. சைக்கிள் டியூபில் முள் குத்தியதுபோல் வரும். பிள்ளையின் உள்ளங்கையில் காற்றுப் படும். காற்றோடு கொஞ்சம் எச்சிலும் படும். பிள்ளை கையைக் கவுனில் துடைத்துக்கொள்ளும். அடுத்தது 'ட்'. மறுபடி காற்று, மறுபடி கவுன். உள்ளே அதிரும் சத்தங்களுக்கு ஏற்பாடு வேறு: பிள்ளையின் விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். 'ம்ம்ம்' என்று அதிர்வார். பாடம் முடியும்போது அப்பாவுக்குத் தொண்டை வறண்டிருக்கும், பிள்ளைக்குக் கவுனின் வலது பக்கம் நனைந்திருக்கும்.

வாசகரே, இவர்தான் சத்தம் பிரிக்கும் அப்பா.

உங்களுக்கு இவரைத் தெரியும். பிறந்தநாள் கேக்கின் மேல் கிரீமால் எழுதியிருப்பதைப் பிள்ளை படித்து முடித்தால்தான் வெட்டலாம் என்று மெழுகுவர்த்தி பாதி உருகும்வரை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், வடலூர் பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போன காதலியின் பெயரைக்கூட விடாமல் மடியில் இருக்கும் பிள்ளைக்குப் பாடமாக்கியவர், பல் டாக்டரின் நாற்காலியில் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது "இப்ப ஆன்னு சொல்ற பாரு, அதான் ஆப்பிளோட ஆ" என்று டாக்டரின் முழங்கைக்குக் கீழிருந்து தலையை நீட்டியவர், அவரேதான். அவருடைய பிள்ளையிடம் தவறிப்போய் "ஏ பி சி டி சொல்லு பாப்பா" என்று கேட்டுவிட்டீர்களா? போச்சு. உங்களை ஓரமாக அழைத்துப் போவார். எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் சத்தம் வேறு, பெயரைக் கற்றுக்கொடுத்தே மூன்று தலைமுறையைக் கெடுத்துவிட்டார்கள் என்று விளக்குவார். நீங்கள் வந்தது கல்யாணப் பத்திரிகை கொடுக்க. கொடுத்துவிட்டு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்த அப்பா இனத்தைப் பற்றிப் பேசும்போது மாதிரி ஒன்றைக் காட்டுவது நல்லது. என் மாதிரி சிங்காரவேல் அண்ணன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவருடையதற்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான். ஊர் முத்தாண்டிக்குப்பம். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை. வருடக்கணக்கில் காண்ட்ராக்டில் இருந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் பர்மனென்ட் ஆனவர். பர்மனென்ட் ஆன கையோடு குவார்ட்டர்ஸ் வந்தது. குவார்ட்டர்ஸ் வந்த கையோடு, மகளை டவுன்ஷிப்புக்குள் இருக்கும் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. மகள் இசைப்பிரியாவுக்கு அப்போது நான்கு வயது நிரம்ப இரண்டு மாதம் இருந்தது.

அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவள் பேசுகிற பிள்ளை. நான் எங்கள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து கவிதைப் புத்தகம் படிக்கிறவன். யாரிடமும் அதிகம் பேசாதவன். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கும்.

"மாமா, எங்க வூட்டு பல்லிக்கி வாலு இல்ல. தேடிகினு இருக்குது."

"மாமா, நேத்து மழ எங்க வூட்டுக்கு வந்துட்டு அப்பறம்தான் உங்க வூட்டுக்கு வந்துச்சி."

நான் கையில் வைத்திருந்த புத்தகத்தில் இதற்கு ஈடான வரி சில நாள் இருக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்கேஜிக்கு நேர்முகம் உண்டு, பெற்றோரோடு பிள்ளையை உட்காரவைத்து மிஸ் கேள்வி கேட்பார் என்று அண்ணன் காதில் விழுந்தது ஒரு ஜனவரியில். மறுநாளே செல்போனில் ஃபோனிக்ஸ் வீடியோக்கள் ஓடத் தொடங்கின. அதற்கு மறுநாள் வேலிக்கு மேலாக ஒரு கட்டு வெள்ளை அட்டை வந்தது.

"தம்பி, உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்குது. இதுல எழுதிக் குடுங்க. சின்ன எழுத்துல. பெரிய எழுத்து வேணாம், அது அப்பறம்."

எழுதிக் கொடுத்தேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

வாங்கிக்கொண்டே என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "பாதிப் பக்கம் காலியா கெடக்குதே, மீதிய எழுத மறந்துட்டாங்களா?" அதுதான் அதன் அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன்.

அட்டைகள் வீட்டுக்குள் குடியேறின. கதவில் கதவு, ஃபிரிட்ஜில் ஃபிரிட்ஜ், கட்டிலில் கட்டில் என்று எல்லாப் பொருளுக்கும் என் கையெழுத்தில் ஆங்கிலப் பெயர் ஒட்டப்பட்டது. ஃபேன் மேல் ஒட்ட முடியாதாகையால் அதன் பெயரை சுவிட்சில் ஒட்டினார். அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு சுவிட்ச்தான் ஃபேன், மேலே சுற்றுவது பெயரில்லாத ஒன்று. மிக்ஸியில் ஒட்டியதை அண்ணி மலர்விழி இரண்டாம் நாளே தேங்காய்ச் சட்னியோடு சேர்த்துத் துடைத்தெறிந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், பொறுமைசாலி, ஆனால் சமையலறைக்குள் அட்டை வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

மொபெட் பயணமும் பாடமாயிற்று. முன்னால் பிள்ளை, பின்னால் காய்கறிப் பையோடு அண்ணி, நடுவில் அண்ணன். ஒவ்வொரு போர்டுக்கும் இடது காலை ஊன்றி நிற்பார். பிளாக் நம்பர் போர்டு, வேகத்தடை போர்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி போர்டு. "உடை பாப்பா, சத்தத்த உடை." பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனையும் உடைக்கச் சொன்னார் என்று அண்ணி சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தண்ணீர் விஷயம் அப்படியில்லை.

"அப்பா, தண்ணி."

"இங்கிலீசுல? உடைச்சி சொல்லு. வ்… ஆ…"

பிள்ளை உடைக்கும். ஐந்து துண்டாக உடைத்த பிறகு தம்ளர் வரும். பிஸ்கட் என்றால் ஆறு துண்டு. ஒரு வாரத்தில் இசைப்பிரியா தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு, தானே குடத்தில் மொண்டு, தரையெல்லாம் சிந்தி, சத்தமே இல்லாமல் குடித்துவிட்டுப் போனாள். அண்ணன் அதைத் தன்னம்பிக்கை என்றார். மார்ச் மாதத்தில் பசிக்கிறது என்பதையும் நிறுத்திவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த செய்திகளும் நின்றன. பல்லிக்கு வால் முளைத்ததா என்று தெரியவில்லை. நானாகக் கேட்கலாம்தான். கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் பின்படியில் உட்காரப்போகிறேன்?

சத்தம் பிரிக்கும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க்காரர் செய்கிற ஒன்றை வேறு ஊர்க்காரர் செய்யமாட்டார். அண்ணன் ஒரு ஷிப்ட் புத்தகம் போட்டார். நீள நோட்டு, கோடு கிழித்துக் கட்டங்கள். தேதி, ஷிப்ட், இன்றைய டார்கெட், முடித்தது, பிரேக்டவுன். 'டார்கெட் 4 சத்தம். முடித்தது 2. பிரேக்டவுன் 15 நிமிடம், அழுகை' என்று தமிழில் எழுதியிருக்கும். அவர் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையை அண்ணியிடம் முறைப்படி ஒப்படைப்பார்.

"மலரு, 'ஸ்' ஓடிகினு இருக்குது. 'ர்' இன்னும் ஸ்டார்ட் ஆவல. இங்க கையெழுத்து போடு."

"கொழம்பு கொதிக்குதுங்க."

"போட்டுட்டுப் போ. அடுத்து வர்ற ரிலீவர் கையெழுத்து இல்லாம நான் எப்பிடிக் கெளம்பறது?"

அண்ணி மஞ்சள் விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்குவார். நோட்டு முழுக்க மஞ்சள் கறை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தன் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தார். மகளுக்குப் பெல்ட்டைப் பற்றிச் சொன்னார்.

பாடம் முடிந்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார். நான் வேலியோரம் இருந்தேன். மண்ணையும் கரியையும் மைல் கணக்கில் தூக்கிக்கொண்டு ஓடும் பெல்ட், அதன் ஓரம் முழுக்கக் கட்டியிருக்கும் கயிறு, எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னார்.

"அந்தக் கயிற ஆரு வேணா இழுக்கலாமாப்பா?"

"ஆரு வேணா. பெரிய ஆபீசரா இருந்தாலும் சரி, நேத்து வந்த காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் சரி. ஆபத்துன்னு தோணிச்சின்னா இழுத்துட வேண்டியதுதான். அவ்ளோ பெரிய பெல்ட்டு, டக்குனு நின்னுடும்."

"திட்ட மாட்டாங்களா?"

"எப்பிடித் திட்டுவாங்க? ரூல்ஸ்ஸு பாப்பா. இழுத்தவங்க கிட்ட ஏன் இழுத்தீங்கன்னு கேட்டு, காரணத்த ஃபாரத்துல எழுதி, அப்பறம்தான் ஓட்டணும்."

"நீங்க இழுத்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். நான் கேட்ட கேள்விகள் குறைவு என்பதால் நினைவிருக்கிறது.

"நானா? நமக்கு எதுக்கு தம்பி. ஃபாரம் கீரம்னு… அதெல்லாம் எங்கூட வேல பாக்கற பன்னீரு பாத்துக்குவான்" என்று எழுந்து செடிக்குத் தண்ணீர் விடப் போனார்.

மறுநாள் பாடம் பின்பக்கம் நடந்தது. துணிக்கொடியில் கிளிப் மாட்டி அட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். மூன்றாவது அட்டையில் இசைப்பிரியா எழுந்தாள். கொடிக்கயிறு தாழ்ந்து தொங்கிய இடத்துக்கு நடந்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முனையில் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து, அட்டைகளும் அண்ணியின் இரண்டு புடவைகளும் கீழே விழுந்தன.

அண்ணன் கையை ஓங்கினார். அந்தக் கை பாதியில் நின்றது. அத்தனை வருடப் பழக்கம். கயிறு இழுபட்டால் உடம்பு நின்றுவிடும்போல.

சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணியின் சிரிப்புக் கேட்டது. "உங்க பெல்ட்டு நின்னுபோச்சிங்க! காரணம் கேளுங்க, ரூல்ஸ்ஸு!"

அவர் ஓங்கிய கையை இறக்கினார். "ஆரு இழுத்தது?"

"நானு."

"காரணம்?"

"நீ 'ப்' சொன்னா என் கையி ஈரமாவுதுப்பா. தொடச்சா கவுனு ஈரமாவுது. அப்பறம் அம்மா கவுன மாத்தறாங்க. அது எனக்குப் புடிச்ச கவுனு."

நான்கு வாக்கியம். இரண்டு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் நான்கு வாக்கியம். அண்ணன் நோட்டை எடுத்து, பிரேக்டவுன் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு தினமும் பெல்ட் நின்றது. காரணங்கள் பெருகின. எறும்பு வரிசையாப் போவுது, நாம தாண்டினா அதுக்கு வழி தெரியாது. அப்பா கண்ணு செவப்பா இருக்குது, நைட் ஷிப்ட்டு போனல்ல, நீ தூங்கு. மாமா பொஸ்தகம் படிக்கிறாரு, சத்தம் போடாத. ஒருநாள் காரணம் "சும்மா" என்று வந்தது. அண்ணனுக்கு இது பெரிய சட்டப் பிரச்சினையாகி, வேலிக்கு வந்தார்.

"தம்பி, 'சும்மா'ங்கறது காரணமா?"

"மைன்ஸுல ஒத்துக்குவாங்களாண்ணே?"

"ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்காம இன்னா?" என்று உள்ளேயிருந்து அண்ணி சொன்னார். "மனுஷங்களுக்கு சும்மா இருக்கணும்னு தோணாதா? எழுதுங்க."

எழுதினார். பிள்ளையின் குரல் மறுபடி வேலி தாண்டி வரத் தொடங்கியது. பல்லிக்குப் பாதி வால் வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஆனால் நோட்டில் 'முடித்தது' கட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தபோது அண்ணன் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு எழுந்து போய் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பரண் மேல் போட்டார்.

"துணிய எங்கங்க காயப் போடறது?"

"வேலி மேல போடு. பாப்பா சேந்தப்பறம் கட்டிக்கலாம்."

அந்தப் பத்து நாளும் செம்பருத்தி வேலியில் அவர் சட்டைகள் பூத்தன. அந்தப் பக்கம் அட்டைகள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை ஒன்றுமே பேசவில்லை. அட்டையைக் காட்டினால் சத்தம் சொன்னாள். அதைத் தவிர ஒரு சொல் இல்லை. நான்காம் நாள் காய்ச்சல் வந்ததையும் அவள் வாய்விட்டுச் சொல்லாததால், அண்ணி கவுனை மாற்றும்போது உடம்பு சுட்டதில்தான் தெரிந்தது. அன்று இரண்டு பேருக்கும் நடந்த சண்டை வேலி தாண்டி வந்தது. "இது புள்ளையா, உங்க பெல்ட்டா?" என்று அண்ணி கேட்டார்.

நேர்முகத்தன்று என்னையும் அழைத்துப் போனார். "ஃபாரம் எழுதணும் தம்பி. இங்கிலீசு. உங்க கையெழுத்து நல்லாருக்கும்." எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அறைக்குள் கமலா மிஸ், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் நாடா மாதிரி நீல டேக்கில் தொங்கும் அடையாள அட்டை. எதிரே அண்ணனும் அண்ணியும். நடுவில் நாற்காலியில் கால் எட்டாமல் இசைப்பிரியா.

"உன் பேர் என்னம்மா?"

பதில் இல்லை.

"அம்மா பேர் தெரியுமா? சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?"

பதில் இல்லை. மிஸ் முன்னாலிருந்த தாளில் ஏதோ குறிக்கப் பேனாவை எடுத்தார். அண்ணனால் தாங்க முடியவில்லை. அந்தப் பேனாவைப் பார்த்தபடி, மோவாயை நீட்டி, உதட்டைத் துடைத்துக்கொண்டு, தொடங்கிவிட்டார்.

"இ… ச்… ஐ…"

பெற்ற பிள்ளையின் பெயரையே.

இசைப்பிரியா நாற்காலியிலிருந்து இறங்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கொடிக்கயிறு இல்லை. மேசையைச் சுற்றி நடந்து போய், கமலா மிஸ்ஸின் கழுத்திலிருந்த நீல டேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மிஸ்ஸின் தலை மேசை மட்டத்துக்கு வந்தது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் விறைப்பாக எழுந்து நின்றிருந்தார். எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். மைன்ஸ் குரலில் கேட்டார்:

"ஆரு இழுத்தது? காரணம்?"

பிள்ளை டேக்கை விடாமல், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மிஸ், எனக்கு எல்லாம் தெரியும். சொன்னா அடுத்த அட்ட வரும். அதையும் சொன்னா அதுக்கு அடுத்த அட்ட வரும். எங்கப்பா தூங்கவே மாட்டாரு. தண்ணி வேணும்."

குனிந்த தலையோடே மிஸ் கையை நீட்டித் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். திறந்து கொடுத்தார். பிள்ளை மடக் மடக்கென்று குடித்தாள்.

"சார், உட்காருங்க" என்றார். "எங்க எல்கேஜியில முதல் மூணு மாசம் எழுத்தே கிடையாது. மணலும் பாட்டும்தான். பிள்ளை தனக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து கேக்குமா, அதை மட்டும்தான் பாக்கறோம். தண்ணி, பாத்ரூம், வலிக்குது. இந்த மூணும் கேக்கத் தெரிஞ்சா போதும். முதல் கேள்விகளுக்கு வாய் திறக்கலயா, இல்லைன்னு எழுதப் போனேன்." பேனாவை மறுபடி எடுத்து ஒரு டிக் போட்டார். "வர்ற திங்கக்கிழமை வந்து பணம் கட்டிடுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் மொபெட்டைக் கிளப்பினார். வழியில் எத்தனையோ போர்டு. எதற்கும் கால் ஊன்றவில்லை. வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டினார். பிள்ளைக்கு எட்டும் உயரமா என்று இரண்டு முறை பார்த்துக் கட்டினார்.

இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற உங்களை ஒன்று கேட்கிறேன். போன வாரம் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை உங்கள் மடியில் வந்து ஏறி, பள்ளிக்கூடத்தில் யானை வந்தது என்று ஒரு பொய்யை ஆசையாகத் தொடங்கியபோது, நடுவில் மறித்து, "யானைக்கு இங்கிலீஷ்ல என்ன? என்ன கலர்? எத்தனை கால், எண்ணு பாக்கலாம்" என்று கேட்டது யார்? அந்த யானை அதற்கப்புறம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. பிள்ளை இறங்கிப் போய்விட்டது. நம் சட்டையில் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு தொங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த அட்டைகளை எல்லாம் அச்சு மாதிரி எழுதியது நான்.

இன்னொன்று. இது எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில், அண்ணனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் வடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மறுவாரம் ஓடுகிற பெல்ட்டில் ஒரு நாய் ஏறிவிட்டதாம். சிங்காரவேல் கயிற்றை இழுத்தாராம். மைன்ஸுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர் இழுத்தது அதுதான் முதல் தடவையாம். அந்த ஃபாரத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். மைன்ஸில் அவருக்கான ஃபாரங்களை எல்லாம் எப்போதும் பன்னீர்செல்வம்தான் எழுதிக் கொடுப்பார், ஏனென்றால் சிங்காரவேலுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அன்றும் பன்னீர்செல்வம் பேனாவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். சிங்காரவேல் அதை வாங்கிக்கொண்டு, தன் தொண்டையில் ஒரு விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்து, காரணம் என்ற கட்டத்தில் தானாகவே மூன்று ஆங்கில எழுத்து எழுதினாராம். சின்ன எழுத்தில். நாய்.